பிணைச்சலின் கதை: சுக்கான் முதல் மாதிரி விமானம் வரை

யாழ்ப்பாணத்தார் பிணைச்சல் என்றும் தமிழகத்தார் கீல் என்றும் வழங்கும் சிறு பொருளொன்றின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அது கதவிலே பூட்டப்படும் இரும்புப் பிணைச்சலன்று. மாதிரி விமானத்தின் வாலிலும் சிறகிலும் பொருத்தப்படும், பெருவிரல் நகத்தினும் பெரிதாகாத பிணைச்சல். இத்துணைச் சிறிய பொருளுக்கும் வரலாறு உண்டோ என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் வினவக்கூடும். மன்னர் மரபுகளையும் கல்வெட்டுக்களையும் படித்து வெளிவாரியாகப் பட்டம் பெற்ற யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு மாணவனின் வினா.

யான் கற்பிக்கும் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின் விஞ்ஞானக் கழகத்தின் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாணவர் விரும்பியவாறு கம்பி கட்டிப் பறக்கவிடும் மாதிரி விமானமொன்று செய்யத் தொடங்கினோம். இவ்வகை விமானத்தில் வானொலிக் கருவி எதுவும் இல்லை. நடுவே நிற்பவன் கையிலுள்ள பிடியிலிருந்து இரு மெல்லிய கம்பிகள் விமானத்தின் சிறகு வரை செல்லும். விமானம் அவனைச் சுற்றி வட்டமாய்ப் பறக்கும். பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும். உள்ளேயிருக்கும் முக்கோணத் தகடு திரும்பும். அதனோடு இணைந்த கோல் வாலின் பின்விளிம்பிலுள்ள பலகையை மேலோ கீழோ அசைக்கும். இப்பலகையை ஆங்கிலர் எலிவேற்றர் என்பர். யாம் உயர்த்தி என்போம். உயர்த்தியை வாலோடு இணைப்பது பிணைச்சலே. மூன்று நைலோன் பிணைச்சல்களை வைத்துப் பசையிட்டோம். விமானம் ஒரு சுற்று அழகாகவே பறந்தது. இரண்டாஞ் சுற்றில் பிணைச்சலொன்று கழன்றது, மற்றையதும் பின்தொடர்ந்தது, உயர்த்தி ஒருபுறமாய்த் தொங்க, விமானம் வேலிக் கதிகாலில் மோதி நொறுங்கிற்று. ஒருவருக்கும் காயமில்லை. சிதறிய துண்டுகளைப் பொறுக்கும்போது பத்தாம் வகுப்பு மாணவனொருவன், “சேர், பட்டத்துக்குப் பிணைச்சல் இல்லைத்தானே, அது ஏன் விழாமல் நிக்குது?” என்று கேட்டான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்விடையைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

முதலிற் சொல்லை நோக்குவாம். பிணைத்தல் என்பது இரண்டை ஒன்றாக்குதல். ஆயினும் பிணைச்சல் செய்வது முழுப் பிணைப்பன்று. இரண்டும் இரண்டாகவே இருக்க, ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் அசைய இடங்கொடுப்பது. நம் பழைய வீடுகளின் கதவுகள் சிலவற்றில் இரும்புப் பிணைச்சல் இல்லை. கதவுப் பலகையின் மேலும் கீழும் நீண்ட முளைகள் நிலையிலுள்ள குழிகளிற் சுழலும். அவற்றைக் குடுமி என்பர். குடுமியிற் சுழலும் கதவுக்கு மேற்குழியும் கீழ்க்குழியும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். சிறிது பிசகினும் கதவு கீச்சிடும். நாளடைவில் குடுமி தேயும். இந்த நேர்கோட்டு விதியை மனத்திற் கொள்க. மேல்வரும் வரலாறு முழுவதிலும் அது நம்முடன் வரும்.

காற்றிலே பலகையை அசைத்து ஊர்தியைத் திருப்பும் கலைக்கு முன்னோடி நீரிலே பலகையை அசைத்துக் கலத்தைத் திருப்பும் கலையாகும். தொடக்கத்திற் கப்பலுக்குத் திருப்புகருவியாய் இருந்தது பின்புறப் பக்கத்தே பிடிக்கப்பட்ட துடுப்பே. அசந்தாக் குகை ஓவியத்திலுள்ள கப்பலிலும் இத்தகைய துடுப்பைக் காணலாம். துடுப்பைக் கலத்தின் பின்புற நடுவுக்குக் கொண்டுவந்தவர் சீனர். குவாங்சௌ நகரத்தருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த மட்பாண்டக் கப்பலொன்றிற் பின்புறச் சுக்கான் தெளிவாகத் தெரிகின்றது. எனினும் சீனரின் சுக்கான் இரும்புப் பிணைச்சலில் நின்றதன்று. கயிறுகளால் தூக்கி நிறுத்தப்பட்டது. அரபுக் கடலோடிகளும் கயிற்றையே நம்பினர். பத்தாம் நூற்றாண்டினரான அல்-முகத்தசி, செங்கடலிற் கயிறுகளை இழுத்துச் சுக்கானை இயக்கியதைக் குறிப்பிடுகின்றார். ஐரோப்பாவிலோ ஏறக்குறைய 1180ஆம் ஆண்டளவில் இரும்பு ஆணியும் வளையமுங் கொண்ட சுக்கான் தோன்றிவிட்டது. பெல்சியத்தின் செடெல்கெம் என்னும் ஊரிலும் இங்கிலாந்தின் வின்செஸ்ரரிலும் உள்ள ஞானத்தானத் தொட்டிகளின் சிற்பங்கள் இதற்குச் சான்று. 1242ஆம் ஆண்டைச் சேர்ந்த எல்பிங் நகர முத்திரையும் அவ்வாறே. சுக்கானிற் பதித்த ஆணிகள் கலத்தின் பின்தூணிற் பதித்த வளையங்களுள் மேலிருந்து இறங்கி அமரும். வேண்டியபோது சுக்கானைத் தூக்கிக் கழற்றலாம். கயிறு தளரும், இரும்பு தளராது. ஆயினும் இரும்புக்கு நேர்கோடு வேண்டும். கயிறோ கோணலைப் பொறுக்கும். இவ்விருவகைப் பிணைப்புக்கும் இடையே நிகழ்ந்த போட்டி மாதிரி விமானத்திலும் மீண்டும் எழுந்தமையைப் பின்னர்க் காண்போம்.

இரும்புச் சுக்கானைப் பற்றி நாம் ஐரோப்பியரிடம் மட்டுமே கேட்டறிய வேண்டியதில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1937இற் புறப்பட்ட அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதத்தில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. புதிய உடைமையாளர் அதற்கு வேறு பெயர் சூட்டினார். இச்செய்தி நம்மவர் பலரும் அறிந்ததே. மேடைகளில் மாலுமிகளின் துணிவைப் போற்றுகின்றோம், போற்றத் தக்கதே. பத்தாயிரங் கடல்மைலுக்கு மேற்பட்ட அப்பயணத்தில் அலைதோறும் ஆடிய சுக்கானைத் தாங்கிய ஆணிகளையும் வளையங்களையும் நேராய் அமைத்த ஓடாவிமாரையும் கொல்லரையும் ஒரு மேடையிலேனும் யான் நினைவுகூரக் கேட்டதில்லை.

நிற்க. மாணவனின் வினாவிற்கு வருவோம். பட்டத்தையும் மாதிரி விமானத்தையும் இணைக்கும் கண்ணி உண்மையிலேயே உண்டு. இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியைச் சேர்ந்த சேர் ஜோர்ஜ் கெய்லி என்பார் 1799இல் ஒரு வெள்ளித் தட்டில் விமானத்தின் உருவைச் செதுக்கினார். நிலையான சிறகு, பின்னே வால், செலுத்துவதற்குத் தனிக்கருவி என்று பணிகளைப் பிரித்துக் காட்டிய முதல் வரைவு அது. இன்றும் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் உள்ளது. 1804இல் அவர் ஒரு மாதிரி செய்தார். அதன் சிறகு வேறொன்றுமன்று. 154 சதுர அங்குலப் பரப்புள்ள சாதாரண காகிதப் பட்டம்! அப்பட்டத்தை ஒரு கோலின் முன்பகுதியிற் கட்டினார். கோலின் பின்னுனியிற் சிலுவை வடிவான வாலை, எப்பக்கமுந் திரும்பக்கூடிய மூட்டொன்றாற் பொருத்தினார். மலைச்சரிவிலிருந்து விட்டபோது அது வழுக்கிச் சென்றது. வாலைத் திருப்பி வைத்தால் செல்லுந் திசையும் மாறிற்று. முதன்மாதிரி விமானம் இங்ஙனம் ஒரு பட்டமும் ஒரு மூட்டுமாகப் பிறந்தது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நம் பிள்ளைகள் ஏற்றும் பட்டங்களைக் கெய்லி கண்டிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

பட்டத்திற்குப் பிணைச்சல் ஏன் வேண்டியதில்லை? அதனைச் செலுத்துபவன் நிலத்திலே நிற்கின்றான். முச்சையின் நீளத்தைக் கூட்டியுங் குறைத்தும், பட்டம் காற்றை எதிர்க்கும் கோணத்தை முன்னரே தீர்மானித்துவிடுகின்றான். பின்பு நூலை இழுத்தும் விட்டும் நடத்துகின்றான். வால் அதனை நிமிர்த்தி வைக்கின்றது. நூலறுந்த பட்டம் என்னாகும் என்பது எல்லோர்க்குந் தெரியும். நூலின்றியும் நேராய்ப் பறக்கும் உருவைக் கண்டவர் பிரான்சியரான அல்போன்ஸ் பேனோ. முறுக்கிய றப்பர் நாடாவினாற் சுழலும் விசிறியைக் கொண்ட சிறு விமானத்தை 1871 ஆகஸ்ட் 18ஆம் நாள் பாரிசு நகரத்துத் துய்லெரிப் பூங்காவிற் கற்றோர் முன்னிலையிற் பறக்கவிட்டார். 11 விநாடிகளில் ஏறக்குறைய 40 மீற்றர் தூரம் சென்றது. அதில் அசையும் பலகை ஒன்றுமில்லை. வாலைச் சிறகினுஞ் சற்றுக் குறைந்த கோணத்தில் நிலையாய் வைத்தமையால், மூக்கு மேலெழுந்தால் வால் அதனைக் கீழே இறக்கும்; இறங்கினால் ஏற்றும். ஆகவே மாணவன் கேட்டது தக்க வினாவே. நிலைத்து நிற்பதற்குப் பிணைச்சல் வேண்டுவதில்லை. நினைத்த இடத்திற்குச் செல்வதற்கே அது வேண்டும். இதனைப் பேனோவும் அறிந்திருந்தார். 1876இற் கோசோ என்பாருடன் சேர்ந்து அவர் பெற்ற உரிமைப் பத்திரத்தில் அசையும் உயர்த்தியும் சுக்கானும் ஒரே பிடியால் இயங்கும் பெரிய விமானம் வரையப்பட்டுள்ளது. அதனைக் கட்டப் பணந்தருவாரில்லை. மனமுடைந்து 1880இல், முப்பது வயதாகுமிடத்து, தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஒருபுறஞ் சாய்ந்த விமானத்தை நிமிர்த்துவது எவ்வாறு என்னும் சிக்கலே மிகக் கடியது. நம் பாடநூல்கள் றைற் சகோதரர் விமானத்தைக் கண்டுபிடித்தனர் என ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அவர்கள் உண்மையிற் கண்டது இச்சிக்கலின் தீர்வையே. 1899இல் வில்பர் றைற் சைக்கிள் றியூப் வைக்கும் நீண்ட காகிதப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கியபோது, ஒருமுனை மேல்நோக்கவும் மறுமுனை கீழ்நோக்கவுங் கண்டார். அவ்வாண்டே ஐந்தடிப் பட்டமொன்றைச் செய்து, கயிறுகளால் அதன் சிறகை முறுக்கிச் சோதித்தார். ஈண்டும் பட்டமே முன்னிற்கின்றது. 1903 டிசெம்பர் 17ஆம் நாள் 12 விநாடிகளில் 120 அடி பறந்த அவர்தம் விமானத்தின் சிறகில் பிணைச்சல் இல்லை. சிறகு முழுவதுமே வளைந்தது.

சிறகின் பின்விளிம்பிற் சிறு பலகையைப் பிணைச்சலிட்டு அசைக்கலாம் என்பது முன்னரே சிலர்க்குத் தோன்றியிருந்தது. போல்ரன் என்னும் ஆங்கிலேயர் 1868இலேயே இதனையொத்த ஏற்பாட்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதனை ஒருவரும் கவனித்திலர். 1904இற் பிரான்சில் எனோ-பெல்த்ரி தம் வழுக்கு விமானத்தில் அசையும் பலகைகளை வைத்துப் பார்த்தார். 1908இல் அமெரிக்காவிற் கிளென் கேட்டிசும் அவர்தம் கூட்டாளிகளும், பிரான்சில் ஹென்றி பார்மனும் அவற்றைப் பறக்கும் விமானங்களிற் பொருத்தினர். பிரான்சியர் அப்பலகைக்கு ஏலரோன், அதாவது சிறுசிறகு, எனப் பெயரிட்டனர். றைற் சகோதரர் 1906 மே 22ஆம் நாள் பெற்ற உரிமைப் பத்திரம் சிறகை முறுக்குதலை மட்டுமன்றிப் பிணைச்சலிட்ட பலகையையும் உள்ளடக்கும் என்று வழக்காடினர். 1914இல் மேன்முறையீட்டு மன்றம் அவர்கள் பக்கமே தீர்த்தது. உலகப் போர் நெருங்கியபின், 1917இல் அமெரிக்க உற்பத்தியாளரெல்லாம் தத்தம் உரிமைகளைப் பொதுவில் வைத்தபோதே இவ்வழக்கு ஓய்ந்தது. நீதிமன்றிற் றைற் சகோதரர் வென்றனர். வானத்திற் பிணைச்சல் வென்றது. காரணம் எளியது. வேகங் கூடக் கூடச் சிறகு விறைப்பாய் இருத்தல் வேண்டும்; விறைத்த சிறகை முறுக்குதல் இயலாது. 1915க்குள் றைற் பெயரிற் கட்டப்பட்ட விமானங்களே ஏலரோனுக்கு மாறிவிட்டன.

நம் பக்கத்து வானமும் அக்காலத்தில் வெறுமையாய் இருக்கவில்லை. 1910இற் சென்னையில் டி’ஏஞ்சலிஸ் என்னும் கோர்சிக்கத் தீவினரான உணவுவிடுதி உடைமையாளர், தாமே திட்டமிட்டுச் சிம்சன் வண்டித் தொழிற்சாலையிற் செய்வித்த விமானத்தில் ஏறிப் பறந்தார். குதிரை வண்டிக்கு அச்சாணி பூட்டிய தச்சரும் கருமாரும் விமானத்திற்கு வேலை செய்தனர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

பிணைச்சல் வென்றதோடு புதிய இடரும் வந்தது. 1916இற் பிரித்தானியாவின் ஹான்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானமொன்றின் வால் பறக்கும்போது கடுமையாய் நடுங்கிற்று. ஆராய்ந்த லாங்செஸ்ரர் என்னும் அறிஞர், இடப்பக்க உயர்த்தியும் வலப்பக்க உயர்த்தியும் விறைப்பான இணைப்பின்றித் தனித்தனியே கம்பிகளாற் கட்டுப்பட்டிருந்தமையே காரணம் எனக் கண்டார். ஒன்று மேலே செல்ல மற்றையது கீழே சென்று, வாலை இருபுறமும் முறுக்கியது. இரண்டையும் விறைப்பான குழாயொன்றால் இணைத்தல் அவர் கூறிய மருந்து. இந்நடுக்கத்தை ஆங்கிலர் பிளற்றர் என்பர். படபடப்பு என்றாற் பொருந்தும். வேலியிற் கட்டிய காவோலை காற்றிற் படபடப்பதைக் கேட்டவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. தளர்ந்த பிணைச்சலும், பலகைக்கும் சிறகுக்கும் இடைப்பட்ட அகன்ற இடைவெளியும் இதற்கு ஊட்டங் கொடுக்கும். இடைவெளியினூடே அழுத்தங்கூடிய பக்கத்துக் காற்று அழுத்தங்குறைந்த பக்கத்திற்குக் கசியும். அதனாற் பலகையின் ஆற்றலுங் குறையும். எனவே பிணைச்சல் தளராதிருத்தல் வேண்டும், இறுகவுங் கூடாது, இடைவெளியும் விடலாகாது. ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும் இம்மூன்று வேண்டுகோளையும் மாதிரி விமானஞ் செய்வோன் ஒரு சிறு துண்டு நைலோனில் நிறைவேற்ற வேண்டியிருக்கின்றது.

மாதிரி விமானத்துக்குப் பிணைச்சல் மெல்லவே வந்தது. பேனோவின் வழியில் தானே பறந்து தானே இறங்கும் மாதிரிகள் நெடுங்காலம் ஆட்சி செய்தமையே காரணம். 1938இல் அமெரிக்க மாதிரி விமானப் போட்டியில் வோல்ரர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் வானொலியால் இயக்கிய கஃப் என்னும் விமானம் முதலிடம் பெற்றது. அது இன்று வாசிங்ரன் நூதனசாலையில் உள்ளது. அக்காலத்திலேயே ஜிம் வோக்கர் என்பார் கம்பி கட்டிப் பறக்கவிடும் முறையைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகமெங்கும் சிறுவர் இம்முறையைக் கைக்கொண்டனர். அவர்கள் உயர்த்தியைப் பொருத்தியது எதனால்? நூலால்! வாலின் பின்விளிம்பிலும் உயர்த்தியின் முன்விளிம்பிலும் ஊசியாற் துளையிட்டு, நூலை ஒன்றன் மேலாகவும் மற்றையதன் கீழாகவும், 8 என்ற இலக்க வடிவிற் பலமுறை தைத்தனர். வேறு சிலர் துணிக்கீலங்களை ஒன்றின் மேற்புறத்திலிருந்து மற்றையதன் கீழ்ப்புறத்துக்கு மாறிமாறி ஒட்டினர். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளில் ஆணிக்குப் பதில் கயிற்றாற் பலகை தைத்த கையும், சீனரின் கயிற்றுச் சுக்கானும் ஈண்டு மறுபிறப்பு எடுத்தன எனலாம். நூற்பிணைச்சல் இடைவெளி விடாது, கோணலைப் பொறுக்கும், காசும் வேண்டாது. தைக்கும் பொறுமை ஒன்றே வேண்டும்.

நைலோன் பிணைச்சல் கப்பற் சுக்கானின் வழித்தோன்றல். இரு சிறு இதழ்கள் ஓர் ஊசியிற் கோக்கப்பட்டவை. எம்முடைய முதல் விமானம் ஏன் விழுந்தது என்று துண்டுகளை மேசையிற் பரப்பிப் பார்த்தோம். பிழை பசையிலன்று, கீற்றிலேயே இருந்தது. பிணைச்சலின் இதழ் புகுவதற்கான கீற்று பலகைத் தடிப்பின் நடுக்கோட்டில் இருத்தல் வேண்டும். எம் மாணவர் கண்மதிப்பால் வெட்டினர். ஒன்று மேலேறியும் ஒன்று கீழிறங்கியும் இருந்தமையால் மூன்று ஊசிகளும் ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. உயர்த்தி அசையுந்தோறும் அவை ஒன்றோடொன்று பொருதன. குடுமிக் கதவு கீச்சிடுவது போன்ற நிலை. மேலும் கீற்றின் ஆழம் போதாமையால் இதழின் பாதியே உட்புகுந்திருந்தது. பசையும் விளிம்போடு நின்றுவிட்டது.

இரண்டாம் முயற்சியில் முதலில் நடுக்கோட்டை இரு விளிம்புகளிலும் பென்சிலாற் கீறிக்கொண்டோம். இரு பலகைகளையும் அருகருகே வைத்துப் பிணைச்சல்களின் இடத்தை ஒரே நேரத்திற் குறித்தோம். தனித்தனியே அளந்தால் ஒரு மில்லிமீற்றர் பிசகு வந்தே தீரும். கூரிய அலகினாற் கீற்றை ஒரேயடியாய் வெட்டாது, மும்முறை நாலுமுறை மெல்ல ஆழப்படுத்தினோம். உயர்த்தியின் முன்விளிம்பை ஆப்பு வடிவாய் இருபுறமுஞ் சீவினோம். சீவாத விளிம்புகள் முட்டிக்கொள்ளும், முட்டாதிருக்க விலக்கி வைத்தால் இடைவெளி உண்டாகும், சீவினால் இரண்டுமில்லை. ஊசியிருக்கும் இடத்தில் மட்டும் சிறு குழிவு செய்தாற் பிணைச்சல் அதனுள் அமிழ்ந்து, இரு விளிம்புகளும் ஏறத்தாழத் தொட்டு நிற்கும். பசை இடுமுன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்தி அசைத்துப் பார்த்தல் வேண்டும். இதனை முதன்முறை செய்திருந்தாற் கதிகாலுக்கு வேலையில்லை.

பசையிலும் ஒரு நுட்பம் உண்டு. இருகலவைப் பசை ஊசியிற் புகுந்தாற் பிணைச்சல் கல்லாகிவிடும். அதனால் ஊசியின்மேற் சிறிது வாசலைன் தடவுவர். பசை அதிற் பற்றாது. இதழின்மேல் வாசலைன் பட்டால் அங்கும் பசை பற்றாது என்பதை மறத்தலாகாது. தீக்குச்சி முனையாற் தடவினோம். உடன்பசையை மட்டுமே கொண்டு பொருத்தும் நாரிழைப் பிணைச்சலும் உண்டு. ஊசியோ இதழோ இல்லாத மெல்லிய அட்டை போன்ற துண்டு அது. உலர்ந்தபடியே கீற்றில் வைத்து, நடுவில் ஒரு குண்டூசி குத்தி இருபாதியும் சமமாய்ப் புகுமாறு செய்து, நீர்போன்ற உடன்பசையைத் துளித்துளியாய் இருபுறமும் விட்டால், பசை தானே உள்ளிழுக்கப்பட்டு மரத்தோடு ஒன்றாகும். இவ்வுடன்பசையின் வரலாறும் சுவையானதே. 1942இற் கொடாக் ஆய்வுக்கூடத்தில் ஹரி கூவர் என்பாரும் துணைவரும், துப்பாக்கிக் குறிகாட்டிக்கான தெளிந்த பிளாத்திக்கைத் தேடியபோது இதனைக் கண்டனர். தொட்டதிலெல்லாம் ஒட்டுகின்றது என்று வெறுத்து ஒதுக்கினர்! 1951இல் அதன் பயன் தெரியவந்து, 1958இற் கடைக்கு வந்தது.

பசை காய்ந்தபின் ஒவ்வொரு பிணைச்சலையும் கையால் இழுத்துப் பார்த்தல் வேண்டும். மாணவர் தயங்குவர், செய்ததைக் கெடுக்கலாமோ என்பர். மேசையிற் கழலாதது வானிலும் பெரும்பாலுங் கழலாது. இரு உயர்த்திப் பாதிகளையும் வளைத்த உருக்குக் கம்பியொன்றால் இணைத்தோம். அது லாங்செஸ்ரர் 1916இற் கூறிய மருந்தே என்று சொன்னபோது மாணவர் நம்பாமற் சிரித்தனர்.

இங்கு என்னைப் பற்றிச் சிறிது கூறுதல் பிழையாகாது. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படையாற் கட்டப்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோனின் முதற்பயணம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, நம் குடாநாட்டில் இறங்கியே சென்னை சென்றது. அந்த டக்கோற்றா விமானத்தின் உடல் உலோகமாயினும், உயர்த்தியும் சுக்கானும் ஏலரோனும் துணி போர்த்தவையே. பிணைச்சலிற் தொங்குவன இலேசாய் இருத்தல் வேண்டும் என்பதே காரணம். அதிற் பயணஞ் செய்த முதியோர் அதனை உறவினரைப்போலப் பேசுவர். என் தலைமுறை அவ்வாறன்று. யாம் சிறுவராயிருந்த காலத்தில் விமானம் என்றாற் பதுங்குகுழி. சியாமாசெட்டி, புக்காரா, கிபீர் என ஒலியைக் கொண்டே வகை பிரிக்கும் வித்தை எமக்குத் தெரியும். சிறகின் பின்விளிம்பில் என்ன அசைகின்றது என்று நிமிர்ந்து பார்க்கும் ஆர்வம் எவர்க்கும் இருந்ததில்லை. 1990இன் பின் வடக்கிற்குப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. பற்றரியும் அவற்றுள் ஒன்று. எனினும் யாம் விளையாட்டு விமானஞ் செய்தோம். றெஜிபோம் துண்டும் பழைய கொப்பி மட்டையும் போதும். வால் சரியில்லையேல் மட்டையைக் கையால் வளைத்துவிடுவோம். றைற் சகோதரர் சிறகை முறுக்கியதும் அதுவே என்று அன்று ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். அவர்களுக்கோ அன்று எங்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடு.

2019 ஒக்டோபரிற் பலாலி சர்வதேச விமான நிலையமாய்த் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. என் மாணவர் அதனை அண்ணாந்து பார்த்துக் கையசைப்பர். எம் இரண்டாம் மாதிரியின் மோட்டார் முதன்முறை சுழன்றபோது அவர்கள் கைதட்டினர். யான் ஓரடி பின்வாங்கினேன். அவர்கள் அதைக் கவனித்திலர், கவனியாமை நன்றே.

இரண்டாம் விமானம் முதல்நாள் பதினொரு சுற்று வந்து, பற்றரி தீர்ந்து, புல்லில் இறங்கிற்று. வாலின் இடப்பாதிக்கு நைலோன் பிணைச்சலும் வலப்பாதிக்கு நூற்பிணைச்சலும் வைத்திருந்தோம். எது முதலிற் தளரும் என்று மாணவர் இரு கட்சியாயினர். நூற்கட்சிக்குத் தலைமை தாங்கியவள், தைத்துக் கொடுத்த மாணவி. பல நாட்பறப்பின் பின் நைலோன் ஊசியொன்று சிறிது ஆடத் தொடங்கிற்று. நூல் அப்படியே இருக்கின்றது. ஊசி ஆடுவது பிணைச்சலின் குற்றமா, மூன்றாவது கீற்றைத் தான் வெட்டியதன் குற்றமா என்பதை நைலோன் கட்சித் தலைவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் வினாவெழுப்பிய மாணவன் வேறு வேலையில் இறங்கியிருக்கின்றான். வருந் தைப்பொங்கலுக்கு அவன் கட்டும் கொக்குப் பட்டத்தின் வாற்பகுதியில் நூற்பிணைச்சலிட்ட பலகையொன்றை வைத்து, இரண்டாவது நூலொன்றால் நிலத்திலிருந்தே அதனை அசைக்கப் போகின்றானாம். கெய்லியின் படத்தை அவனுக்குக் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, அந்த மூட்டு பாரமாயிருக்கும் சேர், நூல்தான் நல்லது என்றான். முச்சையை எங்கே கட்டுவது என்பதில் எமக்குள் இன்னும் உடன்பாடில்லை.